ஒரு மூட்டை சுண்ணாம்பு: கணவன் மனைவி முடிவெடுக்கும் கதையில் குறியீட்டை வைக்கும் முறை

கணவனும் மனைவியும் ஒரு முடிவின் முன்னால் நிற்கும் சிறுகதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். முடிவைப் பற்றி இருவரையும் பேசவிடுகிறார்கள். பேச்சு தீர்ந்து கதை அந்தரத்தில் நிற்கும்போது, அதற்கு முட்டுக்கொடுக்க ஓர் உடைந்த பானையையோ அணைந்த விளக்கையோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கடைசிப் பத்தியில் வந்து சேரும் பொருள் குறியீடாகாது. அது முதல் பத்தியிலேயே வீட்டில் கிடக்க வேண்டும். யாராவது அதை எடுத்து வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையை நிலமாக எடுத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கதையை அடியிலிருந்து கட்டிப் பார்ப்போம். அளவு 2000 சொல். இடம் திசையன்விளைக்குப் பக்கம், தேரி எனும் செம்மணல் மேடு தொடங்கும் ஓரம். கணவருக்கு 54 வயது, பனையேறி. மனைவிக்கு 48, பதனி காய்ச்சும் குடிசையான விடிலியில் கருப்பட்டி ஊற்றுகிறவள். போன பருவத்தில் பாதி மரத்தில் அவருக்குக் கால் நழுவியது. விழவில்லை, நெஞ்சு தேய இறங்கிவிட்டார். மகன் சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். பனை நிற்கும் விளையை விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்கிறான். இன்னொரு பருவம் ஏறுவதா, விற்றுவிட்டுப் போவதா?

தட்டு இரண்டும் சமமாக நிற்கட்டும்

பொருளைத் தேடும் முன் ஒரு தாளை நான்காக மடியுங்கள். அவர் இருந்தால், அவர் போனால், அவள் இருந்தால், அவள் போனால் என்று நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரவு, ஒரு செலவு எழுதுங்கள். "நிம்மதி", "சுதந்திரம்" போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. கையால் தொடக்கூடியதை, எண்ணக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

அவருடைய கட்டத்தில் இப்படி எழுதலாம்: 30 பனை, சராசரி 50 அடி உயரம், காலையும் மாலையும் ஏறினால் நாளொன்றுக்கு 3000 அடி ஏற்றம், 3000 அடி இறக்கம். போனால் அது இல்லை. ஆனால் கடையில் கல்லாவுக்குப் பின்னால் மகன் இருப்பான். இவர் முன்னால் ஸ்டூலில் இருப்பார். அவளுடைய கட்டத்தில்: போனால் விடிலிப் புகையிலிருந்து கண் தப்பும், பேரனைத் தூக்கலாம். ஆனால் கருப்பட்டி விற்ற காசு இப்போது அவள் முந்தியில் இருக்கிறது. அங்கே உப்பு எந்த டப்பாவில் என்று மருமகளிடம் கேட்க வேண்டும்.

நான்கில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கதையைத் தொடங்காதீர்கள். ஒருவர் பக்கம் மட்டும் நியாயம் இருந்தால் நீங்கள் வைக்கும் எந்தப் பொருளும் அவருக்கு வக்கீலாகிவிடும்.

பிறகு தாளின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இருவருக்கும் தெரிந்தும் இருவரும் சொல்லாதது எது? நம் கதையில் அது இதுதான். அவருக்கு இப்போது மரத்தைக் கண்டால் பயம். அந்தப் பயம் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். குறியீடு சுமக்க வேண்டியது இந்த வரியைத்தான். இருப்பதா போவதா என்ற கேள்வியை உரையாடலும் சம்பவமும் சுமந்துகொள்ளும். பலர் கேள்வியையே பொருளின் தலையில் ஏற்றுவதால்தான் பொருள் விளம்பரப் பலகை மாதிரி நிற்கிறது.

நிலமும் பொழுதும் தப்பக் கூடாது

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியம் பிரித்துவைத்த முறை இன்றைக்கும் எழுதுகிறவர்களின் கையில் நல்ல அளவுகோல். நிலமும் பொழுதும் முதலில். அந்த நிலத்தில் கிடக்கும் மரம், பறவை, தொழில், உணவு அடுத்து. மனிதர் மனத்தில் நடப்பது அதற்கப்புறம். நம் எழுத்தாளர்கள் பலரும் தலைகீழாக வருகிறார்கள்: மனத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற மரத்தைத் தேடுகிறார்கள். அப்போதுதான் கார்த்திகை மாதத்தில் பதனி இறக்கும் கதையெல்லாம் பிறக்கிறது.

பனங்காட்டின் கணக்கு இது. தை, மாசியில் பாளை வரத் தொடங்கி ஆனி, ஆடி வரைக்கும் போகும். பாளையைத் தினமும் சீவ வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டால் சீவின முகம் காய்ந்து ஊறல் நின்றுபோகும். ஆகவே இந்த நிலத்தில் முடிவைத் தள்ளிப்போட முடியாது. கெடு வைக்க வேண்டியதில்லை, மரமே வைத்துவிடுகிறது. கதையை மாசி முதல் வாரத்தில் வையுங்கள். மரத்தைப் பாளைக்குத் தயார் செய்தாயிற்று, இன்னும் முழுதாக ஏறத் தொடங்கவில்லை என்ற நிலை. அங்கேதான் கேள்வி கூராக இருக்கும்.

தாமிரபரணிக் கரை மருதமானால் கணக்கு வேறு. ஜூனில் தொடங்கும் கார், அக்டோபரில் தொடங்கும் பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போக நெல். நாற்றங்காலில் பாவிய நாற்றை ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் பறித்து நட்டாக வேண்டும். முற்றிய நாற்று தூர் கட்டாது. குழந்தைக்கான சிகிச்சையை நிறுத்துவதா தொடர்வதா என்று கலங்கும் தம்பதிக்கு அந்த ஒரு மாதமே போதும், வேறு கடிகாரம் வேண்டாம். ஆனால் "ஆறு வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது" என்று எழுதிவிடாதீர்கள். தாமிரபரணி இரண்டு பருவமழையும் வாங்கும் ஆறு. கோடையில் மெலியும், வெடிப்பு விடும் ஆறு வேறு ஊரில் இருக்கிறது. வெள்ளத்தையும் யோசித்துத் தொடுங்கள். 2023 டிசம்பர் 17, 18க்குப் பிறகு இந்தக் கரையில் வெள்ளம் என்ற சொல்லை வெறும் உருவகமாக வாசிக்க யாராலும் முடியாது.

கடற்கரை: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அது விசைப்படகுக்கு. நாட்டுப்படகுக்காரரை அந்தத் தடையில் வீட்டில் உட்காரவைத்து, வலையைப் பார்த்துப் பெருமூச்சு விடவைத்தால் உவரி மீனவர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். மலைக்குப் போனால் தேயிலை. கவாத்து செய்து இடுப்பளவில் வைத்திருக்கும் வரை அது செடி; கை வைக்காமல் விட்டால் மரமாகிவிடும். அதுவே பாதிக் கதை.

நாற்பது பொருளை எழுதி முப்பத்தேழை அடியுங்கள்

இப்போது அந்த வீட்டிலும் விளையிலும் கிடப்பவற்றைப் பட்டியலிடுங்கள். நாற்பதுக்குக் குறையக் கூடாது. முதல் பத்தும் எல்லோருக்கும் தோன்றுவது. பதினைந்தைத் தாண்டினால்தான் நிஜமான வீடு வரும். அருவாப்பெட்டி, பாளை அரிவாள், காலில் மாட்டும் திளாப்பு, ஏற மரத்தில் சாய்க்கும் முருக்குத்தடி, பதனி இறக்கும் கலயம், காய்ச்சும் தாச்சி, கிளறும் துடுப்பு, சிரட்டை, சுண்ணாம்பு, பனமட்டை விறகு, கருப்பட்டி அடுக்கும் ஓலைப்பெட்டி, மகன் அனுப்பிய மிக்ஸி, ரேஷன் அட்டை, கொடியில் தொங்கும் துண்டு என்று போகட்டும். பொருளின் பெயர் தெரியாவிட்டால் அந்தப் பொருள் வேண்டாம். ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதையும் கவனியுங்கள்: பதனியை அக்கானி என்று எழுதினால் கதை கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் போய்விடும்.

பிறகு அடிக்கத் தொடங்குங்கள். அடிக்கும் விதி நான்கு.

சாமி சம்பந்தப்பட்டதை முதலில் அடியுங்கள். உள்ளுறை, அதாவது வெளியே சொல்லாமல் உள்ளே வைக்கும் அர்த்தம், கருப்பொருளிலிருந்து பிறக்கும், ஆனால் தெய்வத்தை அதிலிருந்து ஒழித்துவிட வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. காரணம் எளிது. தெய்வத்துக்கு ஏற்கனவே பொருள் உண்டு. சுடலைமாடன் பீடத்தில் பூ விழுந்தால் வாசகர் உங்கள் கதையை விட்டுவிட்டுக் குறி கேட்கப் போய்விடுவார். ஆனால் நாளை எடுத்துக்கொள்ளலாம். பங்குனி உத்திரத்துக்கு எங்கிருந்தாலும் குடும்பம் சாஸ்தா கோயிலுக்கு வரும் வழக்கம் நெல்லைச் சீமையில் உண்டு. மகன் உத்திரத்துக்கு வருவான், அப்போது பதில் சொல்ல வேண்டும். சாமி கெடுவாக நிற்கட்டும்.

அடுத்து, இருவரில் ஒருவர் மட்டும் தொடும் பொருளை அடியுங்கள். பாளை அரிவாள் அவர் கையில் மட்டும். துடுப்பு அவள் கையில் மட்டும். ஒருவர் பொருள் ஒருவர் மனத்தைத்தான் காட்டும். இது இருவர் கதை.

மூன்றாவது, வாசகர் மனத்தில் முன்பே பொருளோடு இருக்கும் சாமான்கள்: தாலி, கண்ணாடி, பல்லி, காகம், அணையும் விளக்கு, தொட்டில், கூடு. கூந்தன்குளத்துப் பறவைகளும் இதில் சேரும். வந்து தங்கிக் குஞ்சு பொரித்துப் பறந்துபோகும் பறவையைப் பார்த்துக் கணவன் மனைவி நின்றாலே கதை என்ன சொல்லப்போகிறது என்று தெரிந்துவிடும். பத்தமடைப் பாயும் அப்படி. கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரைப் பின்னிக் கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. பிரிவதா சேர்ந்திருப்பதா என்ற கதையில் அந்தப் பாயை விரித்தால் பெயர்கள் சத்தம் போடும். எடுத்தே தீர வேண்டுமென்றால் கதை முழுக்கச் சுருட்டியே வையுங்கள். பரண்மேல் ஒரு சுருள், இடம் அடைக்கிறது, எங்கே வைப்பது என்ற பேச்சு. விரிக்காத பாய்தான் வேலை செய்யும்.

நான்காவது, பனையிலேயே தயாராக இருக்கும் பெரிய உண்மைகள். சீவின பாளையில் நுங்கு வராது. நுங்குக்கு விட்ட பாளையில் பதனி இல்லை. பனை பூக்கும் வரை அது ஆணா பெண்ணா என்றே தெரியாது; அதற்குப் பத்துப் பதினைந்து வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இரண்டும் அழகு. அழகு என்பதாலேயே ஆபத்து. யாராவது ஒரு பாத்திரம் இதை வாய்விட்டுச் சொன்னால் கதை அங்கேயே முடிந்து, மீதிப் பக்கம் விளக்கவுரை ஆகிவிடும். இவற்றை மண்ணுக்குள் விடுங்கள். தெரிந்த வாசகர் தானாகத் தோண்டிக்கொள்வார்.

மிஞ்சியவை மூன்று: சுண்ணாம்பு, முருக்குத்தடி, தாச்சியில் கொதிக்கும் பதனி.

இரண்டு வேலை செய்யும் பொருள்

மிஞ்சியவற்றில் எது தலைமைப் பொருள் என்று முடிவுசெய்ய ஒரு சோதனை உண்டு. முடிவு பற்றிய கதைக்கு, நிஜ வாழ்க்கையிலேயே இரண்டு வேலைக்குப் பயன்படும் பொருள்தான் பொருந்தும். ஒரு வேலை முடிவின் ஒரு பக்கத்துக்கும் மறு வேலை மறுபக்கத்துக்கும் போக வேண்டும். அப்போது வாசகர் அந்தப் பொருளைப் பார்த்ததும் கேள்வி தானாக எழும். நீங்கள் எதையும் ஏற்றிச் சொல்ல வேண்டாம்.

சுண்ணாம்பைப் பாருங்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். தடவாவிட்டால் இறங்கும் சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். அளவு கூடினால் பதனி காறும், கருப்பட்டியின் ருசியும் கெடும். ஆக, மூட்டைச் சுண்ணாம்பு வாங்குகிறவர் பருவம் முழுக்க ஏறப்போகிறார் என்று அர்த்தம். அதே சுண்ணாம்பைக் கரைத்தால் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம். உத்திரத்துக்கு முன்னாலும் அடிப்பார்கள். விலை பேச ஆள் வருமுன்னும் அடிப்பார்கள். ஒரே மூட்டை. கலயத்துக்கா, சுவருக்கா?

சொல்லாத வரியையும் அது சுமக்கிறது. "எவ்வளவு வாங்க?" என்று கேட்டால் போதும், "இன்னும் ஏறுவீர்களா?" என்று கேட்டதாகிவிடும். பயம் என்ற சொல் கதையில் வரவே வேண்டாம்.

ஒரு தகவல் பிழை இங்கே கதையைக் கவிழ்க்கும். சுண்ணாம்பு தடவாத கலயம் ஒன்றை மனைவி பார்த்ததாக எழுத ஆசை வரும். இனிப்பு புளித்துப்போவது நல்ல படிமம்தான். ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பில்லாத கலயம் மரத்தில் தொங்கினால் கதைக்குள் போலீஸ் பயமும் வந்து உட்காரும். அதைக் கையாள இடமில்லாத கதையில் அந்தக் கலயத்தைத் தொங்கவிடாதீர்கள். செங்கல் சூளைக்கு மரத்தை வெட்ட லாரி வருவதும் இப்படித்தான். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவிப்பு வந்தது. அதற்குப் பின் நடக்கும் கதையில் ஒரே ராத்திரியில் விளையை மொட்டையடிக்க முடியாது. அதற்கு முன்னால் நடக்கும் கதையென்றால் காலத்தை எங்காவது ஒரு வரியில் காட்டிவிடுங்கள்.

மற்ற இரண்டுக்கும் வேறு வேலை. முருக்குத்தடி துணைப்பொருள்: மரத்தில் சாய்த்து முதல் எட்டு வைப்பது அதன்மேல்தான். கதையில் அது இரண்டு முறை தென்பட்டால் போதும். முதலில் மரத்தில் சாய்ந்து, கடைசியில் ஆட்டுக்கொட்டில் கூரைக்கு முட்டுக்கொடுத்து. அதைப் பற்றி ஒருவரும் பேச வேண்டாம். கொதிக்கும் பதனியைக் குறியீடாக்க வேண்டாம், கடிகாரமாக வையுங்கள். ஏறக்குறைய பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். அது பதத்துக்கு வர மணிக்கணக்கில் ஆகும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். பதம் வருவதற்கு முன் எடுத்தால் சிரட்டையில் இறுகாது, தாண்டினால் கருகிக் கசக்கும். உரையாடல் நடக்கும் நேரம் முழுக்க அவள் கை துடுப்பில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. எழுந்து போக முடியாத வேலைதான் பேச்சை நிற்கவைக்கும். பருவத்தின் முதல் வாரம் என்பதால் நாலைந்து மரத்துப் பதனிதான். அந்த நாலைந்தையும் ஏறியவர் பக்கத்து விளை இளைஞனா, அவரேயா என்பதை ஒரு சொல்லில் விட்டுவிட்டுப் போங்கள்.

மூன்று இடத்தில் வையுங்கள்

2000 சொல்லில் தலைமைப் பொருள் மூன்று இடத்தில் கனமாக வர வேண்டும். இடையில் இரண்டு இடத்தில் பெயர் மட்டும் தட்டுப்படலாம். எல்லாம் சேர்த்து 150 சொல்லைத் தாண்டாதீர்கள்.

முதல் இடம், முதல் 200 சொல்லுக்குள். இங்கே அது வெறும் சாமான். சுண்ணாம்புச் சிரட்டையைச் சுரண்டி அவள் கலயத்தில் தடவுகிறாள்; அடி தெரிகிறது. இருபது சொல் போதும். வாசகர் கவனிக்கக் கூடாது, ஆனால் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் இடம், 1000 முதல் 1200 சொல்லுக்குள். இங்கே பொருள் வழியை மறிக்கிறது. இதற்குத்தான் அதிக இடம், எழுபது எண்பது சொல். மோசமாக எழுதினால் இப்படி வரும்:

கலயத்தின் அடியில் தீர்ந்துகொண்டிருந்த சுண்ணாம்பைப் பார்த்தாள். தங்கள் வாழ்க்கையும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறதோ என்று அவள் மனம் கலங்கியது.

இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தைக் கொன்றுவிடுகிறது. "இப்படித்தான்", "போல", "அதுபோலவே" என்று உங்கள் கை எழுதத் தொடங்கினால் பேனாவை வையுங்கள். அதே இடம், வேலையோடு:

"சுண்ணாம்பு தீந்துட்டு."

"சந்தைக்குப் போவும்போது வாங்கியாறேன்ட்டி."

"எவ்வளவு வாங்கப் போறிய?"

அவர் அடுப்புக்குள் ஒரு பனமட்டையைத் தள்ளினார். நுரை பொங்கி வந்தது. அவள் துடுப்பால் அடக்கினாள்.

"போன வருசம் எவ்வளவு வாங்குனோம்?"

"ஒரு மூட்ட."

"மிச்சம் இருந்துச்சுல்லா?"

"நீங்க எறங்குன நாள்லேருந்து மிச்சந்தான்."

கடைசி வரியில் எல்லாம் இருக்கிறது. நழுவிய நாளை அவள் சொல்லிவிட்டாள். சொன்னது சுண்ணாம்புக் கணக்கு. அவர் பதில் சொல்லக் கூடாது. அடுத்த வரியில் வேறு பேச்சு தொடங்கட்டும், ஆடு கத்தட்டும், மகனிடமிருந்து போன் வரட்டும். போனை எடுத்தாலும் மகன் குரலை நமக்குக் கேட்கவிடாதீர்கள். மூன்றாவது ஆள் பேசினால் இருவர் கதை பஞ்சாயத்தாகிவிடும்.

மூன்றாம் இடம், கடைசி 150 சொல். பொருள் மாறியிருக்க வேண்டும். அவர் சந்தையிலிருந்து வருகிறார், ஒரு மூட்டையை இறக்குகிறார். முழு மூட்டை. இரண்டு கிலோ வாங்கிவந்தால் முடிவு தெரிந்துவிடும், கதை சுருங்கிவிடும். மூட்டையைக் காட்டாமல் மறைத்தால் வாசகரை ஏமாற்றியதாகிவிடும். முழு மூட்டை இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. அவள் பிரித்து, ஒரு வாளியில் கொஞ்சம் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறாள். கொதிக்கிறது. கலயங்கள் ஒரு பக்கம் கவிழ்ந்திருக்கின்றன. வெள்ளையடிக்கும் மட்டை கூரை இறப்பில் செருகியிருக்கிறது. ஆறட்டும் என்று இருவரும் உட்காருகிறார்கள். அங்கே நிறுத்தலாம். இன்னும் ஒரு வாக்கியம் போக வேண்டுமென்றால் அவள் கை எழுவது வரை போகலாம், எதைத் தொட்டது என்பது வரை வேண்டாம்.

இதற்கு இடையிலேயே வெள்ளையடிப்பை ஒருமுறை சொல்லி வைத்திருக்க வேண்டும், 500ஆவது சொல் வாக்கில்: சுவரில் போன மழையின் கறை, "உத்திரத்துக்குள்ள ஒரு அடி அடிச்சிரணும்" என்று அவள் போகிற போக்கில் சொன்னது. இது இல்லாவிட்டால் கடைசியில் மட்டை திடீரென்று முளைத்தது மாதிரி இருக்கும். பெரும்பாலான கதைகளில் இறுதிக் குறியீடு ஒட்டாமல் நிற்பதற்கு இந்த நடுவிதை போடாததே காரணம்.

பேச்சு

உரையாடலுக்குத் தடைச்சொல் பட்டியல் ஒன்று போடுங்கள். நம் கதையில் விற்பது, போவது, முடிவு, பயம், வயசு ஆகிய ஐந்தும் அவர்கள் வாயில் வரக் கூடாது. அவற்றைச் சுற்றித்தான் பேச வேண்டும். வேறு வழியில்லாமல் பொருளைப் பற்றிப் பேசுவார்கள்.

விளிகளில் கவனமாக இருங்கள். இந்த வயதுத் தம்பதியில் அவர் "ஏட்டி", "ஏளா" என்பார். அவள் பெயர் சொல்லமாட்டாள், "இந்தாருங்க" என்பாள், "போறிய", "சொல்லுதிய" என்று மரியாதை வரும். பிறரிடம் அவரைக் குறிப்பிடும்போது "அவிய". முறைப்பெண்ணாக வந்தவளென்றால் "அத்தான்" வரலாம். பாளையங்கோட்டையில் வேலைபார்க்கும் இளம் தம்பதிக்கு இதையெல்லாம் போட்டால் வேடமாகிவிடும். அவர்கள் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். வட்டார வழக்கை உரையாடலில் மட்டும் வையுங்கள், அதிலும் வினைமுற்றில் வந்தால் போதும். ஒவ்வொரு சொல்லையும் உடைத்து எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டுவதிலேயே களைத்து, சுண்ணாம்பைக் கவனிக்கமாட்டார்.

விளியே ஒரு மறைகுறியாகவும் ஆகும். கதை முழுக்க வரிக்கு வரி "ட்டி" போட்ட மனிதர் கடைசி மூன்று பேச்சில் அதைப் போடாமல் இருந்தால், குரல் இறங்கிவிட்டது என்று எழுத வேண்டியதில்லை.

கெடுகிற இடங்கள்

அதிகம் பார்க்கும் கோளாறு, பொருள்கள் கூடிப்போவது. சுண்ணாம்பும் உண்டு, பாதியில் ஒடிந்த பனையும் உண்டு, குருட்டு ஆடும் உண்டு, கடைசியில் மழையும் உண்டு என்றால் எதுவும் நிற்காது. தலைமைப் பொருள் ஒன்று, துணைப்பொருள் ஒன்று. மூன்றாவது ஏதாவது பளிச்சென்று தெரிந்தால், அதன் பெயரைப் பொதுச்சொல்லாக மாற்றி மங்கவிடுங்கள்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் இந்தப் பக்கம் கோடை மழை விழலாம். ஆனால் முடிவு தெளிந்ததும் பெய்யும் மழை வானத்திலிருந்து வருவதில்லை, எழுத்தாளர் மேசையிலிருந்து வருகிறது. குற்றாலத்துச் சாரலைத் தேரிக்காட்டுக்கு இழுத்து வருவது அதைவிட மோசம்.

இன்னொன்று, பொருள் ஒரே பக்கம் சாய்வது. சுண்ணாம்பு வரும் ஒவ்வொரு இடத்திலும் அவள் கைவெடிப்பும் எரிச்சலும் மட்டும் வந்தால் கதை "போய்விடுங்கள்" என்று சொல்கிறது. ஓரிடத்தில் எரிச்சல் வந்தால் இன்னோரிடத்தில் அதன் குளுமையோ, கலயம் காய்ந்ததும் வரும் வெண்மையோ வரட்டும். கணக்குப் பார்த்தே செய்யுங்கள். கணக்குப் பார்ப்பதால் கலை கெடாது.

கனவில் பொருளை வரவழைப்பது, பேரக்குழந்தை வாயில் ஞான வசனம் வைப்பது, தலைப்பிலேயே பொருளை விளக்கிவிடுவது ஆகியவற்றை நேரடியாக அடித்துவிடலாம். தலைப்புக்குத் துணைப்பொருளின் பெயரையோ ஊர்ப் பெயரையோ வைப்பது நல்லது. "சுண்ணாம்பு" என்று தலைப்பிட்டால் முதல் இடத்திலேயே வாசகர் விழித்துக்கொள்வார்.

திருத்தும்போது

எழுதி முடித்து ஒரு வாரம் கழித்து எடுங்கள். பென்சிலால் தலைமைப் பொருள் வரும் ஒவ்வொரு இடத்தையும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரே கேள்வி: இந்தப் பொருளுக்கு எந்த உள்ளர்த்தமும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்த இடத்தில் அது வேண்டுமா? கலயத்தில் தடவ வேண்டும், தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும், நீற்ற வேண்டும் என்று வேலைக்காரணம் இருந்தால் விடுங்கள். இல்லையென்றால் எவ்வளவு அழகான வாக்கியமானாலும் போகட்டும்.

பிறகு பொருளை மூடிவைத்து வாசியுங்கள். சுண்ணாம்பு வரும் வரிகளைத் தாளால் மறைத்தால் கதை அப்படியே புரிந்தால், அது ஒப்பனை. கதையே நின்றுபோனால் அதிகச் சுமை. அந்த முருக்குத்தடிக்கோ, ஒரு சைகைக்கோ கொஞ்சம் பகிர்ந்து கொடுங்கள். பாதி புரிந்து பாதி தவிக்க வேண்டும்.

கடைசியாக, பனங்காட்டு வேலை தெரிந்த இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள், முடிந்தால் ஓர் ஆண், ஒரு பெண். தொழில் பிழையை அவர்கள் வாசிக்கும்போதே நிறுத்திச் சொல்வார்கள். அதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அந்த மூட்டை எதுக்கு?" இருவரும் யோசிக்காமல் ஒரே பதிலைச் சொன்னால் தட்டு சாய்ந்திருக்கிறது, நாலு கட்டத் தாளுக்குத் திரும்பிப் போங்கள். எந்த மூட்டை என்று கேட்டால் இரண்டாம் இடத்துக்கு இன்னும் இருபது சொல் கொடுங்கள். ஒருவர் கலயத்துக்கு என்றும் மற்றவர் வெள்ளையடிக்க என்றும் சொல்லி, இருவரும் தங்களுக்குள் வழக்காடத் தொடங்கினால் கதையை அனுப்பிவிடலாம்.